நைனா முன்னால் நடந்த சாவு

இலுப்பைமேட்டில் உயிரோடு இருக்கும்வரை எவரும் பெரிய தெருவில் நடக்கலாம். செத்த பிறகுதான் சிக்கல்.

இப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது என்பது பஞ்சாயத்து பிரசிடெண்ட் கஜபதிக்கும் தெரியும். ஆனால் புத்தகத்தில் இருப்பது சட்டம், ஊரில் இருப்பது வழக்கம். சட்டத்தைக் கோட்டையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். எழுதியதை மறு வருஷமே அடித்துத் திருத்தவும் செய்கிறார்கள். வழக்கத்தை எவனும் எழுதவில்லை. எழுதாததை எவன் அடிக்க முடியும்? இந்த வாதத்தைக் கஜபதி டீக்கடையில் எடுத்துவிட்டால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். டீ அவர் செலவு என்றால் கொஞ்சம் பலமாகவே ஆட்டுவார்கள்.

ஊரின் அமைப்பு அப்படி. அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிக் கிழக்கே காலனி, நடுவில் பெரிய தெரு, தெருவைத் தாண்டி மேற்கே சுடுகாடு. சுடுகாட்டிலும் பெரிய தெருவுக்கு ஒரு பக்கம், காலனிக்கு ஒரு பக்கம், நடுவில் கள்ளி வேலி. காலனியில் சாவு விழுந்தால் பாடை தெருவுக்குள் நுழையாது. பின்பக்கமாக ஏரிக்குள் இறங்கி, கரையோரமாகவே சுற்றிக்கொண்டு போகும். கோடையில் வெடித்த சேறு காலைக் கிழிக்கும். மழைக்காலத்தில் தண்ணீர். காரணம் கேட்டால், தெரு நடுவில் கோயில் கொண்டிருக்கும் செல்லியம்மனைக் காட்டுவார்கள். அம்மன் கண்ணில் பிணம் படக்கூடாது. அப்படியானால் பெரிய தெருப் பிணங்கள் எப்படிப் போகின்றன என்றால், அப்போது கோயில் கதவைச் சாத்திவிடுவார்கள். காலனிப் பிணத்துக்கும் அதே கதவைச் சாத்தினால் என்ன என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

இதற்கிடையில் அம்பத்தூரில் எஸ்டேட் வந்தது. கம்பெனிகள் முளைத்தன. எஸ்டேட்டிலிருந்து பூந்தமல்லி ரோட்டுக்குக் குறுக்கு வழி என்று லாரிகள் காலனியைத் தொட்டுப் பெரிய தெருவுக்குள் புகுந்து போகத் தொடங்கின. மண் தெரு தார் ரோடானது. தெருமுனையில் சர்க்கார் 'பொதுச்சாலை' என்று ஒரு கல் நட்டது. அந்தக் கல்லுக்கு மாலை போட்டுத் திறந்து வைத்தவர் கஜபதி. ஓடுகிற லாரிகளில் நல்லவை அவருடையவை. தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனியின் சரக்கை ஹார்பருக்கு ஏற்றிப்போகும் கான்ட்ராக்ட் அவர் கையில் இருந்தது. லாரி ஓடும்போது அது பொதுச்சாலை, பாடை வரும்போது பெரிய தெரு. ஒரே ரோடு இப்படி இரண்டு வேலை பார்ப்பதில் கஜபதிக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்தது. அந்த வாரம் பார்த்துத் துலுக்கானம் செத்துப்போனான். காலனிக்காரன், அதே பம்பு கம்பெனியில் வார்ப்பு வேலை. உலை முன்னால் நின்றுகொண்டிருந்தவன் மார்வலி என்று உட்கார்ந்தான். கம்பெனி வேனில் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் சாயங்காலம் அதே வேனில் பிணமாகத் திரும்பி வந்தான். வேன் பூந்தமல்லி ரோட்டிலிருந்து திரும்பிப் பெரிய தெரு வழியாகத்தான் காலனிக்குப் போனது. கோயில் கதவு திறந்திருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேனுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாததால் அம்மனுக்கும் ஒன்றும் ஆகவில்லை, தெருவுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விடிந்ததும் வேம்புலி கஜபதியைத் தேடி வந்தான். காலனிக்குப் பெரிய மனுஷன் அவன்தான். சாவு மேளத்துக்கும் அவன்தான் தலைவன்.

"ஏரி தளும்பிக்கினு கீது நைனா. மார் மட்டும் தண்ணி. போன மழைக்கு எங்க பெரியாயிய எடுத்துக்கினு போனப்ப நடுவுல கால் வழுக்கிடிச்சி. பாடை மெதந்துகினு போயிடிச்சி. நீஞ்சிப் போயி இட்டாந்தோம். இந்த ஒரு தபா தெரு வழியா உட்டுடு. மேளங்கூட அடிக்கல. கம்முனு போயிடறோம்."

கஜபதிக்குத் துலுக்கானத்தின் மேல் உண்மையாகவே பிரியம் உண்டு. லாரியில் சரக்கு ஏற்றும்போது பார்த்துப் பேசுகிறவன். அதனால் தாராளமாகவே பேசினார்.

"நல்ல பையன்டா. ரோஜா மாலை நான் அனுப்பறேன். கோடி வேட்டி நான் அனுப்பறேன். வேற இன்னா வேணும் கேளு. வழி மட்டும் கேக்காத."

"மாலை போட்டுக்கினு தண்ணில எறங்கணுமா நைனா?"

"ரெண்டு நாள் பொறுத்துப் பாரேன். தண்ணி வடிஞ்சிடும்."

"தண்ணி பொறுக்கும் நைனா. பொணம் பொறுக்காதே."

கஜபதிக்கு முகம் சுருங்கியது. மாலை தருகிறேன் என்றவனிடம் இப்படியா பேசுவது? வேம்புலியை அனுப்பிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

சப்-இன்ஸ்பெக்டர் இக்னேஷியஸ் தெற்கே ஏதோ ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஊருக்குப் புதுசு, உத்தியோகத்துக்குப் பழசு. கஜபதி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சட்டப்படி பாத்தா பொதுச்சாலையில யார் வேணா பிணம் கொண்டு போகலாம். தடுத்தா தீண்டாமைக் குற்றம். தடுத்தவரை உள்ள வைக்கணும்" என்றார்.

கஜபதி பாதி எழுந்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார்.

"ஆனா சட்டம், ஒழுங்குன்னு ரெண்டு இருக்கு சார். சட்டம் கோர்ட்டுக்கு. ஒழுங்குதான் ஸ்டேஷனுக்கு. அவங்க சத்தமில்லாம ஏரி வழியா போய்ட்டா எனக்கு நிம்மதி."

"அத்தத்தான் சார் நானும் சொல்றேன்."

"எங்க ஊர் கல்லறைத் தோட்டத்துலயே நடுவுல சுவர் உண்டு. அந்தப் பக்கம் படுத்திருக்கறவனும் ஞானஸ்நானம் வாங்கினவன்தான். அதையே நான் கேக்கல. உங்களை எங்க கேக்கப் போறேன்." இக்னேஷியஸ் மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடினார். "ஏரி வழிதான்னு எங்கயாவது எழுத்துல இருக்கா?"

"எழுத்துல இல்ல சார். எல்லாம் மாமூல்."

மாமூல் என்ற சொல் கேட்டதும் சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். வெளியே நின்றிருந்த ஏட்டும் எட்டிப் பார்த்தார்.

"பாட்டன் காலத்து மாமூலச் சொன்னேன் சார்" என்று கஜபதி அவசரமாகத் திருத்தினார். ஏட்டின் தலை உள்ளே போய்விட்டது.

ஊர் திரும்பிய கையோடு கஜபதி ஆள் விட்டுப் பெரிய தெருவின் கிழக்கு முனையில் ஒரு சவுக்குக் கட்டையைக் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் ஈரக் கயிற்றால் இறுக்கிக் கட்டவைத்தார். 'பொதுச்சாலை' கல் ஒரு பக்கத்துக்கு முளைக்குச்சியாக உதவியது. கட்டைக்குச் சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் பம்பு சரக்கு ஹார்பருக்குப் போகிற நாள். அது அவருக்கு மறந்தே போயிற்று. ஊர் மானத்தைக் காக்கிறவனுக்கு லாரி ஞாபகம் வருமா?

பாடை கிளம்பியது. பெண்கள் வழக்கம்போலக் காலனி முனையிலேயே நின்று மாரடித்து அழுது திரும்பினார்கள். ஆண்கள் ஏரிக்குள் இறங்காமல் தெருமுனைக்கே தூக்கிக்கொண்டு வந்து, கட்டையைப் பார்த்ததும் நின்றார்கள். மேளம் அடிக்கமாட்டேன் என்ற வேம்புலியும் மேளத்தோடுதான் வந்திருந்தான். அதுவும் நின்றது. பாடையைக் கீழே வைத்துவிட்டு ஏரிப் பக்கம் பார்த்தார்கள். தண்ணீர் கருவேல மரங்களின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா வேம்புலி பாக்கற? அந்தாண்ட எறங்கு" என்று குடைக்கடியிலிருந்து கஜபதி சொன்னார்.

வேம்புலி பாடைக் கழியில் கை வைத்தான். ஏரிக்கே போய்விடலாம் என்ற முடிவு அவன் முகத்தில் தெரிந்தது. அப்போது காலனிப் பக்கமிருந்து சொர்ணம் வந்தாள். துலுக்கானத்தின் பெண்சாதி. மேளம் நின்றது அவள் காதில் விழுந்துவிட்டது. தலைமயிர் அவிழ்ந்து ஈரத்தோடு முதுகில் ஒட்டியிருந்தது. யாரையும் பார்க்காமல் பாடையின் தலைமாட்டில், தார் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எறக்கிட்டீங்க இல்ல? அப்டியே கெடக்கட்டும்" என்றாள்.

"ஏந்திரிம்மே" என்றான் வேம்புலி. "பொம்பள இதுவரிக்கும் வரக்கூடாது."

கஜபதிக்கு அதிர்ச்சியாகவே இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து கட்டையருகே வந்தார். "இன்னா சொர்ணம் இது? பொம்பள சுடுகாட்டு வழில வர்லாமா? சாஸ்திரம்னு ஒண்ணு வாணாவா?"

"நான் எங்க நைனா சுடுகாட்டுக்கு வந்தேன்? உன் தெருவுக்குத்தான வந்தேன்."

"தெருவுல அம்மா கீறா."

"நேத்து சாய்ங்காலம் வேன்ல இதே வழியாத்தான் இட்டுக்கினு வந்தாங்க. நானும் கூடத்தான் குந்திகினு வந்தேன். அப்ப அம்மா கண்ண மூடிக்கினாளா?"

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது தெருக்காரர்களில் ஒருவரா, காலனிக்காரர்களில் ஒருவரா என்று கஜபதிக்குத் தெரியவில்லை. வேனுக்குக் கதவு உண்டு, பாடைக்குக் கதவு இல்லை என்று சொல்லியிருக்கலாம் என்பது அவருக்கு ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது.

சொர்ணம் எழுந்திருக்கவில்லை. மழை தூற ஆரம்பித்தது. வேம்புலி தன் துண்டைப் பிரித்துத் துலுக்கானத்தின் முகத்துக்கு மேல் பிடித்தான். யாரோ ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட, இக்னேஷியஸ் ஜீப்பில் வந்து இறங்கினார். சட்டமும் ஒழுங்கும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டதைப் பார்த்து அவருக்குத் தலைவலி வந்துவிட்டது.

"இந்தக் கட்டை யார் போட்டது?" என்றார்.

கஜபதி குடையை மடக்கினார், மறுபடி விரித்தார்.

அந்த நேரத்தில் காலனிப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. ஒரு ஹாரன் இல்லை, வரிசையாகப் பல ஹாரன்கள். கஜபதியின் லாரி டிரைவர் உத்தமன் சேற்றைத் தெறித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"நைனா, நம்ம வண்டிங்க மொத்தமும் பின்னால நின்னுகினு கீது. அதுக்குப் பின்னால பஸ்ஸு. அதுக்கும் பின்னால கம்பெனி மேனேஜரு கார்ல வந்துகினு கீறாரு."

"ரிவர்ஸ் எடுத்து அம்பத்தூர் சுத்திப் போங்கடா."

"எங்க நைனா ரிவர்ஸ் எடுக்கறது? ரெண்டு பக்கமும் தண்ணி. பம்போட வண்டி ஏரிலதான் எறங்கும். கப்பல் சாய்ங்காலம் கெளம்புதாம். சரக்கு போவலன்னா நாளைலேர்ந்து வேற ஆள் லாரி ஓட்டட்டும்னு சொல்லிட்டாரு."

கஜபதி பாடையைப் பார்த்தார். பாடைக்குப் பின்னால் தெரிந்த தன் லாரியின் முகத்தைப் பார்த்தார். லாரி நெற்றியில் 'செல்லியம்மன் துணை' என்று எழுதியிருந்தது. அம்மன் எந்தப் பக்கம் துணை என்பது சட்டென்று விளங்கியது.

"பூசாரி" என்று கத்தினார். "இன்னா நின்னுகினு கீற? கோயில் கதவ சாத்து."

பூசாரி வாயைத் திறந்தபடி நின்றார். "காலனிப் பொணத்துக்கா?"

"பொணத்துல இன்னாய்யா காலனி, தெரு? அம்மா எதிர்ல அல்லாரும் ஒண்ணுதான். சாத்து."

இத்தனை காலம் ஏரியில் மிதந்த பிணங்களுக்கெல்லாம் தேவைப்பட்டது அந்தக் கதவு சாத்துகிற வேலைதான். பூசாரி அதை ஒரு கையாலேயே செய்துவிட்டார்.

கட்டைதான் மக்கர் செய்தது. மழையில் கயிறு ஊறி முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. கஜபதியே கத்தி கேட்டு வாங்கி, குனிந்து அறுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் குடையைப் பிடித்துக்கொண்டார். கட்டை விழுந்ததும், "தூக்குங்கடா, தூக்குங்க, சீக்கிரம் நடங்க" என்று கையை வீசிக்கொண்டு கஜபதி முன்னால் நடந்தார்.

ஆனால் சாவு ஊர்வலத்துக்கு ஒரு நடை உண்டு. கல்யாண ஊர்வலத்தை வேண்டுமானால் விரட்டலாம், இதை விரட்ட முடியாது. வேம்புலி மேளத்தைத் தோளில் மாட்டி நிதானமாக ஒரு அடி அடித்தான். இளவட்டங்கள் ஆட ஆரம்பித்தார்கள். பூவைப் பிய்த்துப் போட ஒருவன், பொரி இறைக்க ஒருவன். நாலு வீட்டுக்கு ஒரு தரம் நின்றார்கள்.

"இன்னாடா ஊர்ந்துகினு வர்றீங்க?" என்று கஜபதி திரும்பிக் கத்தினார்.

"ஓடக்கூடாது நைனா" என்றான் வேம்புலி. "செத்தவனுக்கு மரியாதை இல்ல. சாஸ்திரம்னு ஒண்ணு கீதே."

மேளத்துக்குப் பின்னால் பாடை, பாடைக்குப் பின்னால் சொர்ணம், அவளுக்குப் பின்னால் போலீஸ் ஜீப். ஜீப்புக்குப் பின்னால் பம்பு ஏற்றிய லாரிகள் ஒவ்வொன்றாக முதல் கியரில் உறுமிக்கொண்டு வந்தன. அதற்குப் பின்னால் பஸ். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, செத்தது யார் என்று கேட்டார்கள். கடைசியில் மேனேஜரின் கார், விளக்கு எரிய வந்தது. பெரிய தெரு ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். அந்தத் தெருவில் இதுவரை இப்படி ஒரு சாவு போனதில்லை. மந்திரி செத்தால்கூட இவ்வளவு வண்டி வராது என்று ஒருவர் சொன்னார். முன்னால் பிரசிடெண்டே கையை வீசி வழிகாட்டிக்கொண்டு போவதைப் பார்த்து ஒரு கிழவர் பழக்க தோஷத்தில் கும்பிட்டுவிட்டார்.

தெருவின் நடுவே, கஜபதியின் வீட்டு வாசலுக்கு நேராக வந்ததும் மேளம் நின்றது. பாடையைக் கீழே இறக்கினார்கள்.

"இங்க எதுக்குடா எறக்கற?" கஜபதியின் குரல் கிட்டத்தட்ட அழுதது.

"பாதி வழில எறக்கித் தலையும் காலும் மாத்திதான எடுக்கணும் நைனா? உனக்குத் தெரியாததா?" என்றான் வேம்புலி. "ஏரி வழில போனா பாதி வழி பனமரத்தாண்ட வரும். தெரு வழியா இப்பத்தான போறோம். பாதி வழி உன் ஊட்டாண்ட வருது. நான் இன்னா பண்றது?"

லாரிகள் ஹாரன் அடித்தன. வேம்புலி அவசரப்படவில்லை. பொரி இறைத்து, மூன்று சுற்று சுற்றி, பாடையைத் திருப்பிப் போட்டு, சாவகாசமாகத் தூக்கினான். வாசலில் நின்ற கஜபதியின் மனைவி சாமுண்டீஸ்வரி அத்தனையும் பார்த்தாள். பிணம் போன பிறகு வாசலில் கொட்டுவதற்கு வாளியில் சாணித் தண்ணீர் கரைத்து வைத்திருந்தாள். பிணம் போயிற்று. ஆனால் பின்னால் ஜீப் வந்தது, லாரி வந்தது, இன்னொரு லாரி வந்தது, பஸ் வந்தது. வாளியைத் தூக்கித் தூக்கிக் கை கடுத்துப்போய், முடிந்தது என்று நினைத்து வீசினாள். மேனேஜரின் கார்க் கண்ணாடி நிறைய அது விழுந்தது.

எப்படியோ கப்பலுக்குச் சரக்கு போய்ச் சேர்ந்தது. துலுக்கானமும் போய்ச் சேர்ந்தான். சொர்ணம் சுடுகாடுவரை நடந்து மண் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

கஜபதி அத்தோடு விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சாமுண்டீஸ்வரி விடவில்லை.

"நம்ம ஊட்டாண்ட பொணத்த எறக்கிவெச்சி தல மாத்தறானுங்க. நீ முன்னால நின்னுகினு வழி காட்டற. எங்கண்ணன் கேட்டாரு, உங்க ஊட்டுக்காரரு எப்பலேர்ந்து வெட்டியான் வேலை பாக்கறாருன்னு."

மறுநாளே கஜபதி ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். அனுமதி இல்லாமல் ஊர்வலம் போனார்கள், போக்குவரத்தைத் தடுத்தார்கள், வேம்புலி மேலும் சொர்ணம் மேலும் கேஸ் போட வேண்டும் என்று.

இக்னேஷியஸ் வாங்கிக்கொண்டார். "நேத்து நீங்க கேட்டது ஒழுங்கு. இன்னிக்குக் கேக்கறது சட்டம். சரி, சட்டப்படியே செஞ்சிடறேன்" என்றார். அவர் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி தெரிந்ததைக் கஜபதி மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

பெரிய தெருவில் ஏட்டு வீடு வீடாகப் போய் விசாரித்தார். ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தது யார்? பிரசிடெண்டு. கையைக் காட்டி நடத்திப் போனது யார்? பிரசிடெண்டு. ரோட்டை அடைத்த வண்டிகள் யாருடையவை? பிரசிடெண்டுடையவை. தெரு ஜனங்கள் பொய் சொல்லிப் பழகாதவர்கள் இல்லை. ஆனால் இதில் பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிவைக்கவில்லை. பூந்தமல்லி கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தபோது முதல் எதிரி கஜபதி, இரண்டாவது வேம்புலி, மூன்றாவது சொர்ணம்.

கஜபதி வக்கீல் வீட்டுக்கு ஓடினார். "நான் ஊர்வலத்த நடத்தல சார். தடுத்தேன். கட்டை போட்டுத் தடுத்ததுக்கு ஊரே சாட்சி."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதைக் கோர்ட்டுல சொல்லுங்க. தீண்டாமைக் குற்றச் சட்டத்துல நேரா உள்ள போயிடலாம். ஜாமீன் பத்தியெல்லாம் அப்புறம் யோசிப்போம்."

"அப்ப இன்னாதான் சார் சொல்றது?"

"தடுக்கலைன்னு சொல்லணும். தடுக்கலைன்னா முன்னால எதுக்கு நடந்தீங்க? நடத்திக்கிட்டுப் போனதா சொல்லுங்க. அனுமதி இல்லாத ஊர்வலம், சின்னத் தப்பு. ரெண்டுல எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

கஜபதி முடிவு பண்ணிவிட்டார்.

கோர்ட்டில் அன்று நல்ல கூட்டம். பெரிய தெருவும் வந்திருந்தது, காலனியும் வந்திருந்தது. கூண்டில் கஜபதி, பக்கத்தில் வேம்புலி, அதற்குப் பக்கத்தில் சொர்ணம். அந்த மூவரும் அவ்வளவு நெருக்கமாக நின்றது அதுதான் முதல் தடவை. மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

"ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து போனது நீங்கள்தானா?"

"ஆமாங்க."

"எதற்காக?"

கஜபதி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார். கஜபதி பாடம் பண்ணியதை ஒப்பித்தார். "பொதுச்சாலை எல்லோருக்கும் சொந்தம். காலனி மக்களுடைய சவ ஊர்வலம் பெரிய தெரு வழியாகப் போக உரிமை உண்டு. அதை ஊருக்குக் காட்டவே நானே முன்னால் நடந்து போனேன்."

வேம்புலி தலையைத் திருப்பி அவரை மேலும் கீழும் பார்த்தான். பின்வரிசையில் சாமுண்டீஸ்வரியின் அண்ணன் எழுந்து வெளியே போனார்.

மாஜிஸ்ட்ரேட்டுக்கு மகிழ்ச்சி. ஊருக்கு ஒரு பிரசிடெண்ட் இப்படி இருந்தால் சட்டத்துக்கே வேலை இருக்காது என்றார். மூன்று பேரையும் எச்சரித்து விடுவித்தார். சொர்ணத்திடம் மட்டும், "ரோட்டில் உட்கார்ந்தது தப்பம்மா. பிரசிடெண்டே துணையாக இருக்கும்போது நீ ஏன் உட்கார்ந்தாய்?" என்று கேட்டார்.

"அவுரு தொணையா கீறாருன்னு எனக்கு இப்பத்தான் சாமி தெரிது" என்றாள் சொர்ணம்.

மாஜிஸ்ட்ரேட் அதை அறியாமை என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டார்.

அந்த வாரமே அம்பத்தூரில் ஏதோ ஒரு சங்கத்தார் கஜபதியைக் கூப்பிட்டுத் தீண்டாமை ஒழித்த செம்மல் என்று சால்வை போர்த்தினார்கள். மேடையில் சொர்ணத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. கம்பெனியில் அவளுக்குப் பெருக்குகிற வேலை கிடைத்தது. கேஸில் மாட்டிய பொம்பளை என்று அதையும் தினக்கூலியாகவே வைத்தார்கள். கஜபதி சால்வையை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடியில் போட்டார். சாமுண்டீஸ்வரி ஒரு வாரம் அதைத் தொடவில்லை.

மாசி மாதம் காலனியில் இன்னொரு சாவு. கன்னியம்மாக் கிழவி, வயசான சாவு. விடிந்ததும் வேம்புலி வந்து நின்றான்.

"மத்தியானம் எடுக்கறோம் நைனா. நீ வந்துடு."

"நான் எதுக்குடா?"

"முன்னால நடக்கணும் இல்ல? கோர்ட்ல அய்யா எதிர்லயே சொல்ட்ட. நீ வரலன்னா தடுத்தாருன்னு எவனாவது எழுதிப் போட்டுடுவான்."

"ஏரிலதான் இப்ப தண்ணி கொறஞ்சி போச்சேடா" என்றார் கஜபதி. சொல்லும்போதே அவருக்கு அந்த வார்த்தையில் நம்பிக்கை இல்லை.

"அத்த வேணா ஸ்டேஷன்ல கேட்டுக்கினு வர்ட்டா?"

கஜபதி உள்ளே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மத்தியான வெயிலில் ஊர்வலம் தெருமுனைக்கு வந்தது. கஜபதி முன்னால் நின்றார். பாடைக்குப் பின்னால் சொர்ணம் வந்தாள். இந்த முறை அவள் தனியாக வரவில்லை. காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடவே வந்தார்கள். வேம்புலி மேளத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"பொம்பளைங்கல்லாம் இத்தோட நில்லுங்க. வழக்கம்னு ஒண்ணு கீது."

"எந்த வழக்கம்?" என்றாள் சொர்ணம். "ஏரில போற வழக்கமா?"

"அது வேற, இது வேற. நைனா, நீயே சொல்லு. பொம்பளைங்க வர்லாமா?"

இரண்டு பக்கமும் அவரையே பார்த்தார்கள். வழக்கத்தைப் பற்றிக் கஜபதியிடம் அபிப்பிராயம் கேட்டு ரொம்ப நாளாயிற்று. டீக்கடையில்கூட இப்போது யாரும் கேட்பதில்லை. ஒரு கணம் அவருக்கு மார்பு நிமிர்ந்தது, வாய் திறந்தது. அதற்குள் தெருவின் அந்தக் கோடியில் ஏட்டு சைக்கிளை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. செருப்பில்லாத காலில் தார் சுட்டது.

"வந்து தொலையட்டும், நடங்கடா" என்று சொல்லிவிட்டுக் கஜபதி நடக்க ஆரம்பித்தார். வேம்புலி முணுமுணுத்துக்கொண்டே மேளத்தை எடுத்தான். பெண்கள் வந்தார்கள்.